காலருக்குள் மூன்று சிவப்புத் தையல்

அண்ணாச்சி,

ஒரு கறுப்பு மணி. கடுகு அளவுதான் இருக்கும். எவர்சில்வர் தட்டில் அதை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. காகிதம் கருகுகிற வாசம் இல்லை இது. பிளாஸ்டிக் வாளி அடுப்பில் விழுந்தால் வருமே, அந்த நாற்றம். நம் கடை அடையாளம் போட்ட சட்டையிலிருந்து நூலை உருவிக் கொளுத்தினேன், அண்ணாச்சி. சாம்பலாக உதிரவில்லை. சுருண்டு, உருகி, மணியாக நின்றது.

எட்டு நாள் ஆச்சு. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

உங்கள் கடையில் மிஷின் மிதித்தே காலம் கழித்த எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உங்கள் மகள் ஈஸ்வரி. "அப்பாவுக்கு ஒரு கடுதாசி எழுதணும்மா" என்றேன். "எந்த அட்ரஸுக்கு மாமா?" என்றாள். "நீ எழுது, அட்ரஸை நான் பாத்துக்கிறேன்" என்றேன். உங்கள் கட்டிங் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசுகிறபடியே எழுதாமல் நாலு பேர் வாசிக்கிற மாதிரி திருத்தி எழுதுகிறாள். திருத்தட்டும். ஆனால் ஒன்றை மட்டும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் சொல்கிற எதையும் விடக்கூடாது, பிடிக்காவிட்டாலும்.

ஆவணி முகூர்த்தம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் கடை திறப்பு. புதுக் கடை என்றால் இடம் அதே சிவகாசி பஜார்தான், முகம்தான் புதுசு. நீங்கள் போய் ஆறு வருஷமாக ஈஸ்வரிதான் தாங்கிப் பிடிக்கிறாள். ரெடிமேட் வந்து சுற்றியிருந்த டெய்லர் கடையெல்லாம் ஜிப் மாற்றுகிற கடையாகப் போனபோதும் இவள் அளவெடுத்துத் தைக்கிறதை விடவில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போனிலேயே அளவு வருகிறது. ஆளைப் பார்க்காமல் எப்படித் தைப்பாய் என்றால், நாலு போட்டோ போதும் மாமா என்கிறாள். நீங்கள் இருந்தால், தோள் எந்தப் பக்கம் இறங்கியிருக்குன்னு போட்டோ சொல்லுமா என்று கேட்டிருப்பீர்கள். நான் கேட்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். கடைக்குப் புதுப் பெயரும் புது முகமும் கொடுக்கிறதுதான் அவர் தொழிலாம். அந்த வாரம் நான் கண் ஆபரேஷனுக்கு மதுரையில் கிடந்தேன். அவர் பழைய பீரோவைத் திறந்து, யாரோ வாங்காமல் விட்டுப்போன ஃபேக்டரிச் சட்டை ஒன்றை எடுத்துக் காலரைத் திருப்பியிருக்கிறார். உள்ளே மூன்று சிவப்புத் தையல். "இது என்ன மேடம்?" "அது எங்க கடை அடையாளம். அப்பா காலத்துல இருந்து போடுறது." "இதுதான் மேடம் பிராண்டு. இதை விட்டுட்டு எதைத் தேடுறீங்க?" என்று குதித்தாராம்.

இப்படித்தான் நம் கடைக்கு ‘மூணு தையல்’ என்று பெயர் வந்தது.

திறப்பன்று வாசலில் என்னை நிறுத்தி, துணியை விலக்கி, "மாமா, என்னன்னு படிங்க பாப்போம்" என்றாள். கூட்டம் சிரித்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். கறுப்பில் மூன்று சிவப்புக் கோடு, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து. அந்தச் சாய்வு என் கையின் சாய்வு, அண்ணாச்சி. எழுபத்தைந்து வயதில் முதல் தடவையாக ஒரு போர்டைப் படித்தேன். "மூணு தையல்!" என்று கத்தினேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆபரேஷன் பண்ணின கண் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகுதான் தேடினேன். பழைய போர்டில் உங்கள் பெயர் இருந்த இடம் எனக்குத் தெரியும். படிக்கத் தெரியாவிட்டாலும் அது எவ்வளவு நீளம், எங்கே ஒரு கொம்பு மேலே போகும் என்று தெரியும். அந்த நீளத்தில் எதுவும் இல்லை.

"அண்ணாச்சி பேரு எங்கம்மா?"

ஈஸ்வரி என்னைப் பந்தல் காலுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"நான்தான் வேண்டாம்னேன் மாமா. தாயில்பட்டி வரைக்கும் போயி அப்பா பேரைச் சொல்லிப் பாருங்க. ‘யாரு, ஆளை எரிச்ச டெய்லரா?’ன்னுதான் கேக்குறாக. பள்ளிக்கூடத்துல எங்கூடப் படிச்சவ கேட்டா. என் கல்யாணத்துல பந்தியில உக்காந்துக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கேட்டாரு. எனக்குப் போதும். அடையாளம் இருக்கட்டும். பேரு வேண்டாம்."

என் வாயில் பாதி வடை இருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் பந்திக்கு ஆள் கூப்பிடப் போய்விட்டாள். நான் அந்தப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

("இதெல்லாம் எழுதணுமா மாமா?" என்கிறாள். எழுதும்மா.)

ஆளை எரித்த கதை. ஊர் அதை எப்படிச் சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஈஸ்வரி தொட்டிலில் கிடந்தாள். டெரிலின் துணி பஜாருக்கு வந்து எல்லாரையும் பைத்தியமாக அடித்த காலம். கசங்காது, பளபளக்கும், துவைத்து உதறினால் காய்ந்துவிடும். டவுன்காரர்களுக்கு நீங்களும் அதைத் தைத்தீர்கள். ஆனால் பட்டாசு ஃபேக்டரிக்குப் போகிறவன் டெரிலினைக் கொண்டுவந்தால் மேசையிலிருந்து அப்படியே திருப்பித் தள்ளுவீர்கள். "மருந்துல கை வைக்கிறவனுக்குப் பருத்தி நூல் துணிதாம்லே. இந்தக் கருமத்தை உரசினாலே பொறி பறக்கும். தீ பிடிச்சா எரியாது, உருகும். உருகினா ஒட்டும். கொண்டுபோ." கொக்கி, ஜிப், டிச் பட்டன் எந்த இரும்பும் அவர்கள் உடுப்பில் ஏறக்கூடாது உங்களுக்கு.

தாயில்பட்டிக் கருப்பசாமிக்கு அது தலைதீபாவளி. மைத்துனன் வாங்கிக் கொடுத்த டெரிலின், மயில் கழுத்து நிறம். அந்தத் துணியில் நம் கடையில் அவனுக்குச் சட்டை தைக்கப்பட்டது. தீபாவளிக்குப் போட்டான். பொங்கல் முடிந்து ஃபேக்டரி சூடு பிடித்தபோது, ஒரு நாள் துவைத்த சட்டை காயவில்லை என்று அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். ஒரு கைப்பிடி வெடிமருந்துதான் குப்பென்று பிடித்தது. பக்கத்தில் இருந்தவன் நூல் சட்டை. புருவம் கருகியதோடு தப்பித்தான். கருப்பசாமியின் சட்டை தோளிலும் இடது கையிலும் தோலோடு தோலாகப் போய்விட்டது. அவன் கேட்டபடி சட்டை உடம்பைப் பிடித்த மாதிரி தைத்திருந்தது. கிழித்து எடுக்கக்கூட முடியவில்லையாம்.

அவன் அண்ணன் தம்பி மூன்று பேர் கடைக்குள் ஏறினார்கள். "எவம்லே தைச்சது?" கத்திரியை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் எழுந்தீர்கள். "நான்தான்" என்றீர்கள். மூத்தவன் அறைந்த அறையில் உங்கள் கண்ணாடி பறந்து என் மிஷின் பெடலுக்குக் கீழே வந்து விழுந்தது. ஒரு சில்லு உடைந்திருந்தது.

ஊருக்குத் தெரிந்த கதை இம்புட்டுத்தான்.

அதற்கப்புறம்தான் மூன்று தையல் வந்தது. மறுவாரம் என்னைக் கூப்பிட்டு ஒரு சிவப்பு நூல்கண்டைக் கையில் கொடுத்தீர்கள். "ஃபேக்டரிக்காரங்க துணி எது வந்தாலும் நீ ஒரு நூலை உருவிக் கொல்லைப்பக்கம் போயி கொளுத்திப் பாரு. காகித வாசம் வந்து சாம்பலா உதிர்ந்தா, காலருக்குள்ள மூணு தையல் போடு. நூல் துணி, இரும்பு இல்ல, நான் பாத்தேன். அம்புட்டுத்தான் அர்த்தம். ஒண்ணுல சந்தேகம்னாலும் போடாத." எனக்கு எழுதத் தெரியாததால்தான் எழுத்து வைக்காமல் தையல் வைத்தீர்கள். எத்தனையோ வருஷம் ஆயிரக்கணக்கான காலரில் நான் போட்ட கையெழுத்து அது. போகப்போக ஃபேக்டரி கேட்டில் போர்மேன்களே பழகிக்கொண்டார்கள். தீப்பெட்டி இருக்கா, பீடி இருக்கா என்று தடவிப் பார்க்கிற கையோடு காலரையும் திருப்புவார்கள். மூன்று தையல் இருந்தால், "போ."

இந்த அர்த்தத்தை நீங்கள் ஈஸ்வரிக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் கருப்பசாமி கதையைச் சொல்ல வேண்டும். அவளுக்கு அது வெறும் கடை அடையாளம். கோயம்புத்தூர்த் தம்பிக்கு ஒரு படம்.

சரி, திறப்பு நாளுக்கு வருகிறேன். பழைய வாடிக்கையை மறக்கவில்லை என்று காட்டுவதற்காகத் தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளிப் பெண்கள் நாற்பது பேரை வேன் வைத்து அழைத்து வந்திருந்தாள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டுதானே அவர்கள் வேலை பார்ப்பது. ஆளுக்கொரு சட்டை, வாரத்துக்கு முன்னாடியே ஆள் அனுப்பி ஒவ்வொருத்திக்கும் அளவெடுத்துத் தைத்தது. காலருக்கு உள்ளே மட்டும் இல்லை, பாக்கெட்டு மேலேயும் மிஷினில் போட்ட மூன்று சிவப்புத் தையல். வாங்கிக்கொண்டு வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று.

சாயங்காலம் வீட்டில் அதைப் போட்டுப் பார்த்தேன். புது சட்டை, கஞ்சி முறுக்கு இல்லை. முதுகில் வேர்த்தது, வேர்வையைத் துணி குடிக்கவில்லை, வழியவிட்டது. எனக்கு விரல் நுனியில் திக்கென்றது. கீழ் மடிப்பில் ஒரு நூலை உருவினேன். அடுப்படிக்குப் போனேன்.

அந்த மணிதான் இது.

தீக்குச்சி விரலைச் சுட்டது. இன்னொரு நூல், இன்னொரு மணி. பாக்கெட்டு நூல், காலர் நூல். தட்டில் ஐந்து மணி. என் மூன்று தையல் போட்ட சட்டை. நாற்பது பெண்கள். மறுநாள் திங்கட்கிழமை.

ஈஸ்வரிக்குப் போன் பண்ணச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் நம்பர் போட்டுக் கொடுத்தாள். "அம்மா, இது நூல் துணி இல்ல." "மாமா, லேபிள்லயே காட்டன்னு போட்டிருக்கு. கசங்காத காட்டன். போட்டோவுல சுருக்கம் தெரியக்கூடாதுன்னு அந்தத் தம்பிதான் தேர்ந்தெடுத்தாரு. இப்ப ஆளுக இருக்காக, காலையில பேசுவோம்." வைத்துவிட்டாள்.

காலையில் என்றால் எந்தக் காலையில்? அந்தப் பெண்கள் ஏழு மணிக்கு வேன் ஏறிவிடுவார்கள்.

விடியுமுன்னே பஸ் ஸ்டாண்டில் நின்றேன். போர்டு படிக்கத் தெரியாதவன் நாலு டிரைவரிடம் கேட்டு ஏறினேன். தாயில்பட்டியில் இறங்கி ஓட முடியாத கால்களோடு கருவேலங்காட்டு மண்பாதையில் ஓடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபேக்டரி பேர் வேண்டாம். கேட்டில் வேன் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் இறங்கி வரிசையில் நின்றார்கள். எல்லார் மேலும் புதுச் சட்டை. நம் சட்டை. போர்மேன் வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் காலரைத் திருப்பினார். மூன்று தையலைப் பார்த்தார். "போ" என்றார்.

அண்ணாச்சி, என் வாழ்நாளில் நான் அப்படி ஆடிப்போனது அதற்கு முன்னாடி ஒரே தடவைதான்.

"ஏய், விடாதீக! விடாதீக!"

போர்மேன் திரும்பினார். "என்ன தாத்தா? நம்ம கடைத் தாத்தாவா? உங்க அடையாளம்தான இருக்கு!"

"அது நூல் துணி இல்லய்யா. உருகுற துணி."

"மூணு தையல் இருக்குங்கேன்."

"இருக்கு. ஆனா தப்பு."

அங்கே நான் எதை வைத்து நிரூபிப்பேன்? பட்டாசு ஃபேக்டரி கேட்டில் தீக்குச்சி கிழிக்க முடியுமா? கையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஐந்து மணியை விரித்துக் காட்டினேன். அவர் அதை மிளகு என்று நினைத்தார். முனியம்மா என்று ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தாத்தாவுக்கு நேத்து விருந்துல ஏதோ ஒத்துக்கல போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்த போர்மேன் கையைப் பிடித்து அவள் காலரில் வைத்தேன்.

"இந்த அடையாளத்தை மொத மொத ஊசி குத்திப் போட்டவன் நான். எங்கையால இத்தனை வருசம் போட்டது. அந்தக் கைதான் சொல்லுது, இது பொய். இதை நம்பி ஒருத்தியை உள்ள விட்டா, அந்தப் பாவம் உங்களுக்கு இல்ல, எனக்கு."

சிரிப்பு நின்றது. அவர் தன் நகத்தால் துணியைக் கீறிப் பார்த்தார். முகம் மாறியது. "உள்ள எத்தனை பேரு போயிட்டாக?" பதினோரு பேர். அவர் செருப்பைக் கூடப் போடாமல் ஓடினார். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். பத்துக்கு அப்புறம் ஒருத்தி வரவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கடைசியில் தலையைக் கட்டிக்கொண்டே மெதுவாக வந்தாள். கக்கூஸுக்குப் போயிருந்தாளாம்.

முனியம்மா சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டாள். "ஓசிச் சட்டைன்னு ஆசையா வாங்குனேன் தாத்தா. உசிரையில்ல கேக்குது!" சிரிப்புத்தான். ஆனால் அவள் கை சில்லென்று இருந்தது.

போர்மேன் போன் பண்ணி ஈஸ்வரி காரில் வந்து இறங்கியபோது நான் நாற்பது சட்டையையும் மடியில் குவித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். போர்மேன் சொன்னதைக் கேட்டாள். கொஞ்ச தூரம் தள்ளிப் போய், காய்ந்த கம்பங்கொல்லை ஓரத்தில், ஒரு சட்டையில் நூலை உருவித் தானே கொளுத்திப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"எனக்கு யாரும் சொல்லலையே மாமா. இந்த மூணு தையலுக்கு இதுதான் அர்த்தம்னு யாரும் எனக்குச் சொல்லலையே."

பிறகு சொன்னாள்: "அப்பா செஞ்ச அதே தப்பை நானும் செய்யப் பாத்தேன்."

அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கடுதாசி, அண்ணாச்சி.

ஈஸ்வரி, பேனாவை நிறுத்தாதே.

உன் அப்பா அந்தச் சட்டையைத் தைக்கவில்லை. நான் தைத்தேன்.

கருப்பசாமி முதலில் உங்களிடம்தான் வந்தான், அண்ணாச்சி. நீங்கள் தள்ளிவிட்டீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒரு கல்யாணத்துக்கு அருப்புக்கோட்டை போயிருந்தீர்கள். அவன் துணியை எடுத்துக்கொண்டு மறுபடி வந்தான். "மச்சான் வாங்கிக் குடுத்தது. போடாட்டி மாமியா வீட்டுல மதிக்க மாட்டாகண்ணே. தீபாவளிக்கு மட்டுந்தான், வேலைக்குப் போட மாட்டேன்" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். பாவம் பார்த்துத் தைத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். உங்கள் கத்திரி மேசையில் இருந்தது. பன்னிரண்டு வருஷம் நான் மிஷின்தான் மிதித்தேன். வெட்ட நீங்கள் விட்டதில்லை. "கணக்கு எழுதத் தெரியாதவன் துணியில கை வைக்கக்கூடாதுலே" என்பீர்கள். என் மனசில் இருந்த அளவு உங்கள் நோட்டில் இருந்ததை விடச் சரியாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அந்தக் கத்திரியை எடுத்தேன். மயில் கழுத்து நிறத்துத் துணி வழுக்கிக்கொண்டு வெட்டுப்பட்டது. ஒரு இடத்தில் தப்பு இல்லை. அவன் போட்டுக் காட்டியபோது அப்படியே உடம்பில் உட்கார்ந்தது. நான் தைத்ததிலேயே அழகான சட்டை அதுதான். அதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

அவனுடைய அண்ணன் தம்பிகள் ஏறி வந்தபோது நான் மிஷினில்தான் இருந்தேன். "எவம்லே தைச்சது?" என்று கேட்டார்கள். என் கால் பெடலில் இருந்தது. எழுந்திருக்க நினைத்தேன், கால் எழவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேராக எழுந்து, நான்தான் என்றீர்கள். அறை விழுந்தது. உடைந்த கண்ணாடியை நான் எடுத்துக் கொடுத்தேன். நான் செய்தது அம்புட்டுத்தான்.

அவர்கள் போனபின் சொன்னீர்கள்: "கடைக்குள்ள நடந்தது கடைக்காரன் செஞ்சது. இனி இதைப் பேசாத." பேசவில்லை. நீங்கள் பேசாதே என்றதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்தது.

இந்த இடத்தில் ஈஸ்வரி பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

*

ரெண்டு நாள் இந்தத் தாள் மேசை மேலேயே கிடந்தது. காற்றில் பறக்காமல் உங்கள் கத்திரியை வைத்திருந்தேன். இன்று காலையில் வந்தாள். உட்காரவில்லை.

"நாப்பத்தஞ்சு வருசம். எங்க வீட்டுச் சோறு, எங்க வீட்டுத் தீபாவளி. என்னை இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச கை. அந்த வாயால ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல? எங்கப்பா செத்த அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்ல? தெருவுல பொணத்தை வச்சுக்கிட்டே ஒருத்தன் அந்தக் கதையைச் சொன்னான். நீங்க பக்கத்துல நின்னீக."

நின்றேன். அது உண்மை. அதையும் எழுதிக்கோ என்றேன். எழுதியிருக்கிறாள், எழுத்து அழுத்தமாக விழுந்திருக்கிறது, தாளின் மறுபக்கம் தடவினால் தெரிகிறது.

பிறகு கேட்டாள்: "அந்தக் கருப்பசாமிக்குத் தெரியுமா?"

தெரியாமல் இருக்குமா? துணியை என் கையில் கொடுத்தவன் அவன். உயிர் பிழைத்து, ஒரு வருஷம் கழித்து, நம் கடைக்கே வந்தான், அண்ணாச்சி, ஞாபகம் இருக்கிறதா? சட்டை தைக்க. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. தோல் இழுத்துப் பிடித்திருந்தது. ரெடிமேட் எதுவும் ஏறாது. நீங்கள் டேப்பை எடுக்காமல் முதலில் அவன் கையைப் பிடித்து, எம்புட்டுத் தூரம் வலிக்காமல் போகும் என்று மெதுவாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தீர்கள். அப்புறம் அளவெடுத்தீர்கள். இடது தோளில் தையலே இல்லாமல் திறப்பு வைத்து, நாடா போட்டுக் கட்டிக்கொள்கிற மாதிரி ஒரு நூல் சட்டை. சாகிற வரைக்கும் அவனுக்கு வருஷத்துக்கு ரெண்டு. வெட்டியது நீங்கள், தைத்தது நான். ஒரு தடவை நீங்கள் உள்ளே போயிருந்தபோது அவன் என்னிடம் சொன்னான்: "துணி என்னுது, ஊசி உன்னுது, அடி மட்டும் அண்ணாச்சிக்கு. நானும் வாயைத் திறக்கல, நீயும் திறக்கல. நம்ம ரெண்டு பேரும் என்ன மனுசங்கண்ணே?" நாடாவைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஈஸ்வரி அளவு நோட்டை எடுத்தாள். அப்புறம், "அவருக்கு அளவு என்ன?" என்றாள்.

தோள் பதினேழு. உயரம் இருபத்தெட்டரை. வலது கைக்குழி பத்தொன்பது. இடது இருபத்துமூன்று. இடது கை நீளம் ஒன்றரை இஞ்சு குறைச்சல், முழங்கை மடங்கியே இருக்கும் என்பதால். அவன் இல்லாமல் பதினேழு வருஷம். எனக்கு ஒரு இஞ்சு மறக்கவில்லை. அவள் எழுதிக்கொண்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

கசங்காத துணி முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டாள். தைத்து வைத்த சட்டைகளில் இருந்த மூன்று தையலை நானும் அவளும் உட்கார்ந்து பிரித்தோம். போட்ட கையாலேயே பிரிக்கிறது எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். டவுன் சட்டை எதற்கும் இனி அந்த அடையாளம் கிடையாது. கோயம்புத்தூர்த் தம்பி போனில் தலையால் அடித்துக்கொண்டார். நூல் துணியில் ஃபேக்டரிக்குத் தைக்கிறதுக்கு மட்டும்தான் இனி மூன்று தையல், அதுவும் கொளுத்திப் பார்த்த பின்னால்தான். அந்தப் பெண்களுக்கு நாற்பது சட்டை புதிதாக ஓடிக்கொண்டிருக்கிறது. நூலைக் கொளுத்துகிற வேலையை ஈஸ்வரி என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். வாசம் எனக்கும் தெரியணும் என்கிறாள்.

போர்டில் உங்கள் பெயர் ஏறப்போகிறது. ஆனால் அவள் என்னை விடவில்லை. "போர்டை ஒரு நாள்ல மாத்திரலாம் மாமா. ஊரு வாயில இருக்குறதை யாரு மாத்துறது? நீங்கதான் மாத்தணும். வாசல்ல உக்காருங்க. அப்பா பேரைப் படிச்சிட்டு எவன் அந்தக் கதையை எடுத்தாலும், எந்திரிச்சு நின்னு சொல்லுங்க."

எழுந்து நிற்க வேண்டும். அன்றைக்கு எழாத கால் இனி எழ வேண்டும். இன்று மத்தியானம் அளவு கொடுக்க வந்த ஒரு ஏழாயிரம்பண்ணைக்காரர், "ஓ, இது அந்த..." என்று ஆரம்பித்தார். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "அது நான்தான்யா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அளவு கொடுக்காமலே போய்விட்டார். மறுபடி உட்கார்ந்தேன். ஈஸ்வரி உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

கடைசியாக ஒன்று. இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, துணியில் குறி போடுகிற சாக்பீஸால் கட்டிங் மேசையில் உங்கள் பெயரைப் பெரிசாக எழுதிக் காட்டினாள். "இதுதான் அப்பா பேரு. தடவிப் பாருங்க" என்றாள். இத்தனை வருஷம் அதற்குக் கீழேதான் போனேன், வந்தேன். முதல் எழுத்து கைக்குழி வெட்டுகிற மாதிரி வளைந்து இறங்குகிறது. அடுத்தது காலர் முனை மாதிரி மடங்குகிறது. விரலால் போய்ப் போய் வந்தேன். சாக்பீஸ் அழிந்துவிட்டது; விரலில் ஒட்டிக்கொண்டது. ஆனால் வளைவு கையில் ஏறிவிட்டது, அண்ணாச்சி. எனக்கு ஏறினது இறங்காது. இனி இருட்டில் கேட்டாலும் தைத்துக் காட்டுவேன்.